ஆயுளும் வாழ்வின் தரமும்: புற்றுநோய்ச் சிகிச்சையில் இரு அளவுகோல்கள்

கோலார் தங்க வயலின் ரயில்பாதை மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அவற்றில் பணியாற்றியோர் இன்று முதுமையை எய்தியுள்ளனர். பாறையைத் துளைக்கையில் எழும் சிலிகாத் தூசு நுரையீரலை இறுகச் செய்வதோடு, புற்றுநோயையும் உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் வகைப்படுத்தியது. இப்பகுதி மக்கள் சிறப்புச் சிகிச்சைக்கு நாடும் பெங்களூர், ரயிலில் 80 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. 1973-ல் தோன்றிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் அங்குதான் இயங்குகிறது.

நோய் தொடக்க நிலையிலிருந்து, குணமாகும் வாய்ப்பும் இருப்பின், கடுமையான சிகிச்சையையும் ஏற்பதே முறை. உடலெங்கும் பரவிய பின்னரோ சிகிச்சையின் நோக்கம் மாறுகிறது. அப்போது ஆயுள் எவ்வளவு நீளும் என்பதோடு, நீண்ட நாட்கள் எவ்வாறு கழியும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஆய்வுகள் தரும் 'இடைநிலை ஆயுட்காலம்' என்பது, நோயாளரில் பாதிப்பேர் அதனினும் குறைவாகவும், பாதிப்பேர் அதனினும் கூடுதலாகவும் வாழ்ந்ததைக் குறிக்கும். அது தனியொருவருக்கு விதிக்கப்பட்ட கெடு அன்று. நோயாளரின் செயல்திறனை அளக்கவும் ஓர் அளவை உண்டு. வழக்கம்போல் இயங்குபவருக்கு 0. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிப்பவருக்கு 3. முற்றிலும் படுக்கையில் கிடப்பவருக்கு 4. இவ்வெண் உயர உயர, வீரியமிக்க மருந்துகளால் விளையும் நன்மை குறைந்து துன்பம் மிகுகிறது.

எலும்பில் பரவிய புற்றுநோயின் வலிக்கான கதிர்வீச்சு இதற்குத் தக்க சான்றாகும். எலும்பு முறிவு, தண்டுவட அழுத்தம் போன்ற சிக்கல்கள் இல்லாத நிலையில், 8 கிரே அளவை ஒரே தடவையில் அளிப்பதும், 30 கிரே அளவைப் பத்துத் தடவைகளில் அளிப்பதும் ஏறத்தாழ ஒரே அளவு வலி நிவாரணம் தருகின்றன. ஒரே தடவை பெற்றோருக்குப் பின்னர் மீண்டும் கதிர்வீச்சு தேவைப்படுவது சற்று அதிகம். எனினும் மாரிகுப்பத்து முதியவருக்குப் பத்துப் பயணங்களுக்கும் ஒரு பயணத்திற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. பயணத்திலும் காத்திருப்பிலும் கழியும் நாட்களும் அவருடைய ஆயுளின் பகுதியே.

வலி தணிப்புப் பராமரிப்பை நாடுவது ஆயுளைக் கைவிடுவதாகும் என்ற எண்ணம் தவறானது. 2010-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேர் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலிருந்தே தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 11.6 மாதங்கள், பெறாதவர்களுடையது 8.9 மாதங்கள். முன்னவர்களின் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருந்தது. அவர்களுள் இறுதி நாட்களில் கடுஞ்சிகிச்சைக்கு ஆட்பட்டோரும் குறைவு.

இம்முடிவில் நோயாளரின் விருப்பமே முதன்மையானது. பேரப்பிள்ளையின் திருமணம் வரை வாழ ஒருவர் எத்துன்பத்தையும் ஏற்கலாம். வலியின்றித் தம் வீட்டில் இருப்பதையே மற்றொருவர் விரும்பலாம். நோயை அவரிடமிருந்து மறைத்துக் குடும்பத்தார் மட்டும் முடிவெடுத்தால், இவ்விருப்பம் வெளிப்பட வழியில்லை. இச்சிகிச்சையின் நோக்கம் குணமா, காலநீட்டிப்பா, வலி நீக்கமா என்று மருத்துவரை வினவுவது நோயாளரின் உரிமையாகும்.

நிர்வாகத்தின் கடமையும் இதில் அடங்கியுள்ளது. மார்பின் மருந்தைப் பெறும் நடைமுறையை 2014-ஆம் ஆண்டின் போதைமருந்துச் சட்டத் திருத்தம் எளிதாக்கியது. அதன் பயன் பெருநகரோடு நின்றுவிடலாகாது. வலி நீக்கும் மருந்தும் பயிற்சி பெற்ற செவிலியரும் ஊருக்கு அருகிலேயே கிடைக்கும்போதுதான், நோயாளருக்கு உண்மையான தேர்வுரிமை உண்டாகும்.