புவனமும் பொதுவறமும்

நாஞ்சில் நாட்டின்கண் நாகர்கோயில் நாகராசர் திருக்கோயிலில் அடியார்க்குப் பிரசாதமாக வழங்கப்பெறுவது கருவறையின் ஈரமண்ணேயாகும். அக்கோயிற் றூண்களிற் பார்சுவநாதர், மகாவீரர் என்னும் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் காணப்படுகின்றன. அணித்தே கோட்டாற்றிற் சவேரியார் பெயரால் அமைந்த கிறித்தவப் பேராலயமும், மேற்கே தக்கலையில் ஞானப்புகழ்ச்சி பாடிய பீர் முகம்மது அப்பாவின் அடக்கத்தலமும் உள்ளன. கொள்கையால் வேறுபட்ட இவரனைவரும் உண்பது ஒரு நிலத்து விளைவும், பருகுவது ஒரு மலைத்தொடரினின்று இழியும் நீருமேயாம். இந்நிலத்தைக் காத்தற்கு இவரெல்லாம் கூடுதற்குரிய பொதுநெறி உண்டோ? உண்டாயின், சைவர் தம் சித்தாந்தத்தை நெகிழவிடாது அதன்கட் சேர்தல் கூடுமோ? இவை ஈண்டு ஆராயற்பாலன.

சித்தாந்தத்தில் உலகு வெறுந்தோற்றமன்று. உள்பொருளாகிய மாயையின் காரியம். குடத்திற்கு மண் முதற்காரணமும், தண்டசக்கரம் துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆதல்போல, உலகிற்கு மாயையும் சத்தியும் சிவனும் முறையே காரணமாவர். மலத்தாற் கட்டுண்ட உயிர் அறிவு விளங்கி வீடுபெறுதற்பொருட்டே தனு கரண புவன போகங்களை இறைவன் படைத்தளித்தான். நிலம், நீர் முதலியவற்றை அட்டமூர்த்தமாகக் கொண்டு அவற்றினுள் நிற்பவனும் அவனே.

அற்றேல், புவனமும் பாசத்தின்பாற் பட்டதன்றோ? விடற்பாலதாகிய பாசத்தைப் பேணுதல் எற்றுக்கு எனின், கூறுதும். உடம்பும் மாயேயமே, ஆயினும் அதனை இழுக்கென்று முன்னர்க் கருதிய திருமூலர், பின்னர் அதனுள் இறைவன் கோயில்கொண்டமை கண்டு பேணினார் என்பது திருமந்திரத்தால் அறியப்படும். ஆற்றைக் கடக்குமளவும் ஓடத்தைப் பழுதின்றிக் காத்தல் அறிவுடையார் கடன். மேலும், தனுவும் கரணமும் உயிர்தோறும் வேறு. புவனமோ பல்லுயிர்க்கும் பொது. தன்னுடம்பைக் கெடுத்தான் தன் ஓடத்தை உடைத்தவனாவன். நிலத்தையும் நீரையும் கெடுத்தவனோ, இனிப் பிறக்கும் உயிர்களின் ஓடத்தையும் உடைத்தவனாவன். அது சிவாபராதமேயாம்.

இனிப் பிற சமயத்தார் கூறுவனவற்றை நோக்குவாம். ஆதி மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டான் என்பது விவிலியத்தின் கூற்று. மனிதன் நிலவுலகில் இறைவனாற் பொறுப்பளிக்கப்பட்ட பிரதிநிதி என்பது இசுலாமியர் கொள்கை. மண்ணையும் நீரையுமே உடலாகவுடைய உயிர்கள் உள. அவற்றையும் வருத்தலாகாது என்பர் சமணர். இவர்தம்முட் காரணம் வேறு. விளையும் ஒழுக்கம் ஒன்று. நுகர்ச்சிக்கு வரம்பு வேண்டும் என்பதே அவ்வொழுக்கம்.

1986இல் இத்தாலி நாட்டு அசிசி நகரிற் பௌத்தர், கிறித்தவர், இந்துக்கள், இசுலாமியர், யூதர் என்னும் ஐந்து சமயத்தார் கூடி, இயற்கையைக் காத்தல்பற்றித் தத்தம் கூற்றைத் தனித்தனியே வெளியிட்டனர். 2015இற் போப்பு பிரான்சிசு 'லௌதாத்தோ சி' என்னும் சுற்றுமடலையும், இசுலாமிய அறிஞர் இசுதான்புல் நகரில் தட்பவெப்பமாற்றம்பற்றிய அறிக்கையையும் வெளியிட்டனர். ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், எவரும் தம் கொள்கையைத் துறந்திலர் என்பதே. கொள்கைகளையெல்லாம் கலந்து ஒன்றாக்குதல் பொதுநெறியன்று. சிவஞான சித்தியார் பரபக்கமும் சுபக்கமும் வகுத்து வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டிற்று; அதனை மறைக்க வேண்டுவதில்லை. எச்சமயத்தார் செய்யும் அறமாயினும் அதனை ஏற்றுப் பயனளிப்பவன் சிவபெருமான் ஒருவனே என்பது நம் துணிபாகலின், சைவன் தன் நிலையில் வழுவாதே பிறரோடு கூடி இவ்வறம் செய்யலாம் என்க.

இவ்வறம் செய்தற்குரிய இடம் நம் கண்முன்னரே உளது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த தேரூரின் குளமும், தாணுமாலயன் எழுந்தருளிய சுசீந்திரத்துக் குளமும் சேர்ந்த ஏறத்தாழ 94 எக்டேர் நீர்நிலை, 2022இல் இராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றது. வேம்பனூர்க் குளமும் அவ்வாண்டே அச்சிறப்பை எய்திற்று. வடநாடுகளினின்று பனிக்காலத்து வரும் பறவைகட்கு இவை புகலிடம். மடை திறந்துழி நீர் வயலுடையானது சமயத்தை வினவிப் பாய்வதன்று. ஆயினும் நாஞ்சில் நாட்டுக் குளங்கள் பல தூர்ந்தும் மனைகளாகியும் ஒழிந்தன, வயல்களும் சுருங்கின.

அரசின் ஆணை கரையை அளந்து கல் நடும்; அக்கல்லைப் பெயர்க்கும் கையைத் தடுப்பது உள்ளத்து அச்சமும் அன்புமே. அவற்றை விளைப்பது சமயத்தின் தொழில். அதனை முதற்கண் நம்மிடத்தே தொடங்குதல் வேண்டும். மார்கழித் தேர்வடம் பிடித்த கை, நெகிழிப் பையைத் தெப்பக்குளத்தில் எறிதல் தகுமோ? நீரைத் திருமஞ்சனமாக்கி ஆட்டும் நாம், அந்நீர் ஊறும் குளத்தைத் தூர்க்க வாளாவிருத்தல் தகுமோ? நாகராசர் கோயில் மண்ணை நெற்றியில் அணிவார், கோயிற்குப் புறத்துள்ள மண்ணும் அவனுடைமையே என்று உணர்வாராக.