ஒன்பது நாய்களும் ஓர் ஊசியும்

"நாட்டிலே ஆயிரம் பிரச்சினைகள் கிடக்கின்றன. நாய் வளர்ப்பதைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பதிலே தவறில்லை. நாமும் வெலிங்டனுக்குப் போய்த் திரும்பும் வரையில் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவே இருப்பது வெலிங்டன். ஜக்கதலா என்ற படகர் ஊரின் பெயரால் வழங்கிவந்த இடம் அது. 1852-லே பட்டாளத்துக்குக் கொட்டடி கட்டத் தொடங்கினான் வெள்ளைக்காரன். 1860-லே ஊரின் பெயரையே மாற்றி, வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டிவிட்டான். வெள்ளைக்காரன் போய்விட்டான், பெயர் போகவில்லை. இன்று அங்கே மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி இருக்கிறது. மேட்டிலே பங்களாக்கள், வாயிற்கதவுகளிலே "நாய் இருக்கிறது, எச்சரிக்கை" என்ற பலகைகள். பள்ளத்திலே தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அங்கே பலகை இல்லை, நாய்கள் மட்டும் உண்டு.

அந்தப் பள்ளத்து வீடுகளிலே ஒன்றுக்குத்தான் நாம் போனோம். அருவங்காடு வெடிமருந்து ஆலையிலே உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் வீடு. சங்கக் கொடியைத் தோளிலே சுமந்த கை. இன்றைக்கு அந்தக் கையிலே கஞ்சிச் சட்டி. சுற்றிலும் ஒன்பது நாய்கள்!

"வாங்க தம்பி, பயப்படாதீங்க. மோந்து பார்த்துட்டு விட்டுடுவாங்க" என்றார். நாய்களை அவர் 'அதுகள்' என்று சொல்வதில்லை. 'அவங்க' என்றுதான் சொல்கிறார். நாம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒன்பது மூக்குகள் நம்மைச் சோதனை போட்டன. பிறகு உள்ளே போக உத்தரவு கிடைத்தது.

அந்த வீட்டின் அன்றாடம் விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்குகிறது. பனி கொட்டும் நேரம். அடுப்படியிலே கோணிப்பையின் மேல் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும் ஒன்பதும் எழுந்து கதவைப் பிறாண்டும். திறந்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் கால்களைத் துடைக்க வேண்டும். மழைக்காலமானால் விரலிடுக்கிலே அட்டை, காதுக்குள்ளே உண்ணி. ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் குளிப்பாட்ட வேண்டும். ஈரம் உலராமல் போனால் மலைக்குளிரிலே குட்டிகளுக்குச் சளி பிடித்துக்கொள்ளும்.

பிறகு உலை. அரிசிக் கஞ்சி, கறிக்கடையிலே மலிவாகக் கிடைக்கும் எலும்பும் சவ்வும், மலையிலே விளைந்து மண்டிக்குப் போகாமல் நின்றுபோன ஒடிந்த கேரட்டு. எல்லாவற்றையும் வேகவைத்து, ஆற்றி, ஒன்பது தட்டுகளிலே ஊற்ற வேண்டும். ஒரே தட்டிலே ஊற்றினால் என்னவாம் என்று கேட்டோம். "வலுத்தவன் தின்பான், இளைத்தவன் பார்த்துக்கிட்டு நிப்பான். அதை ஊர்லதான் பார்க்கிறோமே, வீட்லயும் எதுக்கு?" என்றார் முதியவர்.

வெள்ளை நிறத்து நாய் ஒன்றுக்கு 'துரை' என்று பெயர். அது ஏன் என்றோம். "வந்து சேர்ந்த அன்னைக்கே மத்த எட்டுப் பேரையும் அதட்டி மூலையில உட்கார வச்சான். வேறென்ன பேர் வைக்கிறது?" என்றார் அவருடைய துணைவியார். அந்த அம்மையாருக்கு நாய்களின் மேல் கோபம் இல்லை. கணவர் மேல்தான் கோபம். "பென்ஷன் இவர் பேர்ல வருது, சாப்பிடுறது அதுங்க" என்பது அவர் வழக்கு. ஆனால் வழக்குத் தொடுத்த அந்த அம்மையார்தான், நாம் பார்க்கும்போதே, நொண்டி நாய் ஒன்றுக்கு எலும்பை உடைத்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

இவற்றிலே ஒன்றைக்கூட அவர்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. மாற்றலாகிப் போன குடும்பம் ஒன்று விட்டுச்சென்றது ஒன்று. கோணிப்பையிலே கட்டி இரவோடு இரவாக வாசலிலே போட்டுவிட்டுப் போன குட்டிகள் மூன்று. வண்டியிலே அடிபட்டுக் கிடந்தது ஒன்று. மற்றவை தாமே தேடி வந்தவை.

மாலை ஆறு மணிக்குள் ஒன்பதும் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். அந்தப் பக்கத்திலே தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டுமாடு வந்து மேயும்; அது வந்தால் நாய்கள் குரைத்து ஊருக்குச் சொல்லும். சிறுத்தை வந்தாலோ, நாய்தான் அதன் இரை. முன்பு பத்தாவதாக இருந்த மணி என்ற நாய் அப்படித்தான் போயிற்று. அதைச் சொல்லும்போது முதியவரின் குரல் கம்மியது.

சரி, இது ஒரு மனிதரின் ஆசை. இதிலே பொதுவாழ்வுக்கு என்ன இருக்கிறது? இருக்கிறது. அவர் நம்மிடம் காட்டிய ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டிலே இருக்கிறது.

ஒரு நாய்க்கு ஒரு பக்கம். பெயர், நிறம், வந்த நாள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட நாள், அடுத்த ஊசி நாள். ஆண்டு தவறாமல் ஒன்பதையும் அரசு கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டிருக்கிறார். போன நாய்களின் பக்கங்களும் கிழிக்கப்படாமல் இருந்தன. "இவ்வளவு கண்டிப்பு எதற்கு அண்ணே?" என்றோம். அவர் கதை சொன்னார்.

ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்னே நடந்தது. அவருக்கு எட்டு வயது. தோட்டத்து லைன் வீட்டு வாசலிலே ஆடிக்கொண்டிருந்த அவரையும் பக்கத்து வீட்டுப் பையனையும் ஒரே நாய் கடித்தது. காயத்திலே சுண்ணாம்பு தடவினார்கள். மந்திரிப்பவர் வந்தார், வேப்பிலை அடித்தார், கறுப்புக் கயிறு கட்டினார். "இனி ஒன்றும் ஆகாது" என்று தட்சிணை வாங்கிக்கொண்டு போனார். தோட்டத்துக் கணக்கர் ஒருவர், கொஞ்சம் படித்தவர், விவரம் அறிந்து அதட்டியதால் இவருடைய தந்தை இவரைத் தூக்கிக்கொண்டு குன்னூருக்கு ஓடினார். வயிற்றிலே பதினான்கு நாள், பதினான்கு ஊசி. அத்தனை நாளும் தந்தைக்குக் கூலி இல்லை. பக்கத்து வீட்டுப் பையனின் தந்தையால் பதினான்கு நாள் கூலியை இழக்க முடியவில்லை, கயிற்றை நம்பினார். சில வாரங்களுக்குப் பிறகு அந்தப் பையன் தண்ணீரைக் கண்டு அலறினான். மறுநாளைக்கு மறுநாள் போய்விட்டான். கயிறு மட்டும் கையிலே இருந்தது.

"அப்படியிருந்தும் நாய் வளர்க்கிறீர்களே?"

"நாய் என்ன பண்ணும் தம்பி? அதுக்கு நோய். நோய்க்கு ஊசி இருக்குன்னு தெரிஞ்சும் போடாம விட்டது யாரு? நாமதானே?"

தோழர்களே, அந்த முதியவரைக் காப்பாற்றிய ஊசி குன்னூருக்கு எப்படி வந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

தோல் பதனிடும் தொழிலாளியின் மகன் லூயி பாஸ்டர். மருத்துவப் பட்டம் பெறாதவர். ஆனால் ஆராய்ச்சியிலே மேதை. 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குப் பாரிசிலே முதன்முதலாக இந்தச் சிகிச்சையைத் தந்தார். சிறுவன் பிழைத்தான். இந்தியாவிலே அந்தச் சிகிச்சை 1900-லே கசௌலிக்கு வந்தது. கசௌலி இமயத்தின் அடிவாரத்திலே. நீலகிரி தெற்கு மூலையிலே. தோட்டத் தொழிலாளி கசௌலிக்குப் போவதெப்படி?

1902-ஆம் ஆண்டு லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடி நோயால் மாண்டாள். தென்னாட்டிலே சிகிச்சை இல்லாததால் நேர்ந்த சாவு அது. அதன் பிறகுதான் அரசு விழித்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் தந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1907 ஏப்ரல் 6-ஆம் நாள் குன்னூரிலே பாஸ்டர் நிலையம் இயங்கத் தொடங்கியது.

ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சாவு ஒரு நிலையத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பெண்ணுக்காக நாமும் வருந்துகிறோம். ஆனால் கேட்கிறோம்: அதற்கு முன்னே இந்த மலையிலே வெறிநாய் கடித்து மாண்ட கூலிக்காரன் எத்தனை பேர்? கொழுந்து பறித்தவள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்த ஏட்டிலே இருக்கிறது? துரைமார் வீட்டு நாயைக் கவனிக்க ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். வென்லாக் புல்வெளியிலே நரி வேட்டையாட இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கொண்டுவந்து கொட்டில் கட்டி வளர்த்தார்கள். லைன் வீட்டுக் குழந்தையை நாய் கடித்தால் கேட்பதற்கு நாதி இல்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலையம் வந்த பிறகு, ஊசி துரை என்றும் கூலி என்றும் பார்க்கவில்லை. கடிபட்டு வந்தவன் கைக்கு எது கிடைத்ததோ, அதுவேதான் எல்லோருக்கும் கிடைத்தது. அறிவியலின் பெருமை அதுதான்.

அந்த நாளைய ஊசி ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. வலி மிகுந்தது; சிலருக்கு வாதமும் வந்தது. 2005 வாக்கிலே அதை நாடு அறவே கைவிட்டது. இன்று திசு வளர்ப்பு முறையிலே செய்த மருந்து வந்துவிட்டது. வயிற்றிலே அல்ல, கையிலே போடுகிறார்கள். பதினான்கு அல்ல, அரசு மருத்துவமனையிலே தோலுக்குள் போடும் முறையிலே கடிபட்ட நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தடவை. இலவசம்! ஆழமான காயமானால் காயத்திலேயே சீரமும் செலுத்துகிறார்கள்.

இப்படி மக்களுக்கு உரிமையான நிலையத்துக்கும் சோதனை வந்தது. 2008 ஜனவரியிலே, தர விதிகளுக்கு ஏற்ப அமைப்புகள் இல்லை என்று சொல்லி, குன்னூர், கசௌலி, கிண்டி ஆகிய மூன்று அரசு நிலையங்களின் தடுப்பு மருந்து உற்பத்தி உரிமத்தை மத்திய அரசு நிறுத்திவைத்தது. குழந்தைகளுக்கான முத்தடுப்பு மருந்து உட்பட, தனியாரிடம் கை நீட்ட வேண்டிய நிலை. எதிர்ப்பு எழுந்தது, 2010-லேதான் உரிமம் திரும்பியது. தரம் வேண்டும் என்பதிலே நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அடுப்பு புகைந்தால் கூரையைத் திருத்துவதா, சமையலையே நிறுத்திவிட்டு ஓட்டலுக்குப் போகச் சொல்வதா? ஓட்டலுக்குப் போகப் பணம் இல்லாதவன் என்ன செய்வான்?

உலகிலே ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மூன்றிலே ஒரு பங்குக்கு மேல் இந்தியாவிலே. பெரும்பாலோர் ஏழைகள், கடிபடுவோரிலே நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் நூறு நாய்களிலே எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்கிறார்கள் வல்லுநர்கள்.

"தெருநாய்களையெல்லாம் கொன்றுவிட்டால் தீர்ந்தது" என்பாரும் உண்டு. தீராது. ஒரு தெருவிலே நாய்களை ஒழித்தால், குப்பையும் மிச்சச் சோறும் அங்கேயே கிடக்க, அடுத்த தெருவின் நாய்கள் வந்து சேரும். அவை ஊசி போடாதவை. அதனால்தான் 2001-லே வந்த விதிகளும், 2023-லே திருத்தி வந்த விதிகளும் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. விதி ஏட்டிலே இருக்கிறது. அதற்கான ஆளும் வண்டியும் மருந்தும் பணமும் ஊராட்சி தோறும் இருக்கின்றனவா என்பதே நம் கேள்வி.

ஆகவே கிளைத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. படிப்பகத்திலே ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் தெருவிலே எத்தனை நாய், எத்தனைக்கு ஊசி போட்டிருக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களையொட்டிக் கால்நடைத் துறை முகாம் நடத்தும். அதை உங்கள் தெருவுக்கு அழைத்து வாருங்கள். நாய் கடித்தால், பல் பட்டுக் கீறினால்கூட, உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். சுண்ணாம்பு வேண்டாம், மிளகாய்ப்பொடி வேண்டாம், கயிறு வேண்டவே வேண்டாம். நாலு ஊசியையும் முழுதாகப் போட்டுக்கொள்ளும்படி பின்தொடர்ந்து கவனியுங்கள். மருந்து இல்லை என்று எந்த மருத்துவமனையிலாவது கைவிரித்தால், அங்கே நின்று கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

நாம் விடைபெறும்போது முதியவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நொண்டி நாய்க்கு அடுத்த ஊசி நாள் நெருங்கிவிட்டதாம். நடக்க முடியாத அதைக் கோணியிலே சுற்றித் தோளிலே போட்டுக்கொண்டு மேட்டிலே ஏற வேண்டுமாம். "எட்டு வயசுல எங்கப்பா என்னை அப்படித்தான் தம்பி தூக்கிட்டுப் போனாரு" என்றார்.

அந்தத் தந்தைக்கு அன்று பதினான்கு நாள் கூலி போயிற்று, மகன் மிஞ்சினான். பக்கத்து வீட்டுத் தந்தைக்குக் கூலி மிஞ்சியது. இனி எந்தத் தொழிலாளிக்கும் இந்த இரண்டிலே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது.