தொண்டைக்குள் ஒரு வளர்ச்சி

அக்ரோமெகாலி என்றால் பெருத்த கை கால்களும் முன்துருத்திய தாடையும்தான் நினைவுக்கு வரும். 1886இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் மாரி இந்நோய்க்குப் பெயர் சூட்டியபோது கண்ணில் பட்டவையும் இவையே. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் தொண்டைக்குள்ளும் வளர்ச்சி நடக்கிறது. ஆபத்து அங்கேதான் அதிகம்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி தோன்றி, வளர்ச்சி ஹார்மோனை அளவுமீறிச் சுரக்கிறது. இது பெரும்பாலும் புற்றுநோய்க் கட்டி அல்ல. வளர்ந்து முடிந்தவர்களுக்கு உயரம் கூடாது; எலும்பும் சதையும் தடிக்கும். நாக்கு வாயை நிறைக்கும். அதன் ஓரங்களில் பல் பதிந்த தடம் தெரியும். உள்நாக்கும் குரல்நாண்களும் பருக்கும். குரல் கனத்துவிடுவதால், சில பெண்களைப் போனில் ‘சார்’ என்று அழைத்துவிடுவார்கள்.

படுத்துத் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. ஏற்கெனவே குறுகிய பாதை அடைபடுகிறது. பலத்த குறட்டை திடீரென நிற்கும். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சே இராது. பிறகு திணறி எழுவார்கள். இந்நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்தத் தூக்க மூச்சுத்தடை உண்டு.

கட்டியைப் பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். அதற்கு முன் மயக்க மருத்துவர் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த வேண்டும். குழாய் எளிதாகப் போகுமா என்று அறிய, வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு தெரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். 1985இல் இதை வகுத்துத் தந்தவர், ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் மல்லம்பாட்டி. அக்ரோமெகாலியில் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. வாய் நன்றாகத் திறந்தாலும் உள்ளே குரல்வளை ஒளிந்துகொள்ளும். அதனால் சிலருக்குத் தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே மெல்லிய கேமரா வழியாகக் குழாயைச் செலுத்துகிறார்கள்.

அறுவை முடிந்ததும் இன்னொரு சிக்கல். மூக்கில் பஞ்சு அடைத்திருந்தால் வாயால்தான் மூச்சுவிட வேண்டும்; அங்கேயோ பெருத்த நாக்கு. இரவில் காற்றை அழுத்தித் தரும் சிபேப் கருவியையும் உடனே மாட்ட முடியாது. அறுவை செய்த இடத்தின் வழியே காற்று மண்டையோட்டுக்குள் புகுந்துவிடலாம்.

ஹார்மோன் கட்டுக்குள் வந்தால் நாக்கின் தடிப்பு குறையும்; தாடை எலும்பு குறையாது. ஆகவே சிகிச்சைக்குப் பிறகும் தூக்கப் பரிசோதனை தேவை.

மோதிரம் இறுகி, செருப்பு அளவு கூடி, புதிதாகக் குறட்டையும் வந்தால், வளர்ச்சி ஹார்மோன் மிகுதியைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1 ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், உங்கள் குறட்டையைப் பற்றி மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.