லாரி தூரத்துலதானே வருது?

எழும்பூர் ஸ்டேஷன். ஜன்னலோர ஸீட் பிடித்து உட்கார்ந்தாயிற்று. வண்டி மெள்ள நகர்கிறது. 'அப்பாடா, கிளம்பிட்டான்!' என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டுகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், நகர்ந்தது பக்கத்து லைன் ரயில். நம்ம வண்டி அதே டீ ஸ்டாலுக்கு எதிரேதான் நிற்கிறது!

வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்து ரயிலை மட்டும் பார்த்துக்கொண்டு எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அலுங்காமல் குலுங்காமல் ஒரே சீராகப் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவனுக்கு, கப்பல் ஓடுவதே தெரியாது என்று கலிலியோ 1632-லேயே எழுதிவிட்டார். யாராவது 'வேகம்' என்றால், 'எதைப் பொறுத்து?' என்று கேட்க வேண்டும். சென்னையில் பஸ் ஸ்டாப்பில் தேமேயென்று நிற்பவர்கூட, பூமி சுழல்வதால் மணிக்கு சுமார் 1,600 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறார். பஸ்தான் வரமாட்டேன் என்கிறது.

சரி, இது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

போன மாசம் ஆபீஸ் தம்பி ஒருவரின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு போனேன். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. முன்னால் பஸ், மணிக்கு 60 கி.மீ. நாங்கள் 70. "லாரி தூரத்துலதான் சார் வருது, போயிடலாம்!" என்று ஒடித்தார். மயிரிழையில் உள்ளே நுழைந்தோம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே வியர்த்தது.

பஸ்ஸைப் பொறுத்தவரை எங்கள் வேகம் வெறும் 10 கி.மீ. அதாவது, விநாடிக்கு 2.8 மீட்டர். பஸ் நீளம் 12 மீட்டர், பின்னாலும் முன்னாலும் எட்டெட்டு மீட்டர் இடைவெளி. மொத்தம் 28. ஆக, முழுசாக 10 விநாடி எதிர்ப்பக்கத்தில் இருக்கிறோம். அதற்குள் ரோட்டில் நாங்கள் ஓடுவது 194 மீட்டர். லாரியும் 60-ல் வந்தால், அது ஓடுவது 167 மீட்டர். கூட்டுங்கள்... 361! அவ்வளவு ரோடு காலியாக இருக்க வேண்டும். அந்தத் தூரத்து லாரி, நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்தில் பாதிகூட இருக்காது. அதனால்தான் சும்மா நிற்கிற மாதிரித் தெரிகிறது. உண்மையில் அதுவும் நாமும் மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் நெருங்கிக்கொண்டிருக்கிறோம்.

"அப்ப 80-ல போனா?" என்றார் தம்பி, கணக்கைப் பார்த்துவிட்டு. வாஸ்தவம், 5 விநாடியில் முடிந்துவிடும். ஆனால், குறுக்கே நாய் வந்தால் பிரேக்குக்கு பஸ் கணக்கு தெரியாது, ரோடு கணக்குதான். 70-ஐவிட 80-ல் பிரேக் பிடித்து நிற்க, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தூரம் அதிகம் வேண்டும்.

அந்த பஸ் பின்னாலேயே 10 கி.மீ. போயிருந்தால் நஷ்டம் எவ்வளவு? ஒன்றரை நிமிஷம்கூட இல்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தலையைச் சொறிந்தபடி, "அன்னிக்கு வழியில டீ குடிக்க அரை மணி நேரம் நின்னோமே சார்?" என்றார்.