தாலும் சப்பாணியும்

கிளமெண்டியில் கைக்குழந்தைக்கு இசை வகுப்புத் தேடும் பெற்றோர் பிள்ளைத்தமிழை நினைவுகூர்தல் நன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தால், தாய் நாவசைத்துத் தாலாட்டுவது. சப்பாணி, குழந்தை கைகொட்டுவது. சிறுபறை, அது பறை முழக்குவது. முதலில் கேட்டல், அடுத்துக் கைகொட்டல், அதன்பின்னரே கருவி என்பது இவற்றின் வரிசை.

கனடாவில் நடந்து 2012-இல் வெளிவந்த ஆய்வொன்றும் இதற்கு அரண் செய்கிறது. ஆறு மாத வயதிலிருந்து பெற்றோரோடு சேர்ந்து பாடிப் பயின்ற குழந்தைகள், பதிவிசை பின்னணியில் ஒலிக்க விளையாடிய குழந்தைகளைவிடப் புன்னகையிலும் சைகையிலும் முந்தின.

ஆகவே, பளபளக்கும் கருவிகளை எண்ண வேண்டா. பெற்றோரும் வாய்திறந்து பாடுகின்றனரா என்று பார்த்தலே முறை. வகுப்பின் பாட்டு ஆங்கிலமாயின், வீட்டுத் தாலாட்டேனும் தமிழாகட்டும். இல்லையேல், அக்குழந்தைக்குத் தமிழ் பள்ளிப் பாடமாக மட்டுமே அறிமுகமாகும் அன்றோ?