ஏற்காட்டில் ரோஸ்மேரி – 6: தும்பைக்கு நான்கு, ரோஸ்மேரிக்கு இரண்டு

மேட்டுப்பாத்தி, கருங்கல் சல்லி, கைப்பிடி சுண்ணாம்பு. சென்ற வாரம் இத்துடன் நிறுத்தியது நினைவிருக்கும். இந்த வாரம் கவாத்து என்று சொல்லியிருந்தேன். அதற்குள் செடி பூத்துவிட்டது. அந்தப் பூவைச் சொல்லாமல் கத்தரியைக் கையில் எடுக்க மனம் வரவில்லை.

நட்ட மூன்றாம் ஆண்டில் முதல் பூ. வெளிர்நீலம், சுண்டுவிரல் நகத்தளவு. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். உள்ளிருந்து வளைந்து வெளியே நீண்டிருந்தவை இரண்டே மகரந்தத்தாள்கள். வேலியோரத்துத் தும்பையில் ஒரு பூவைப் பறித்துப் பிரித்தேன். நான்கு. மாடத்துத் துளசியிலும் நான்கு. புதினா, தும்பை, துளசி, கற்பூரவள்ளி, ரோஸ்மேரி எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்குத் தாள் நான்கு. ரோஸ்மேரிக்கு மட்டும் ஏன் இரண்டு?

இந்தக் கேள்வியோடு பின்னோக்கிப் போனால் 1753 வருகிறது. அந்த ஆண்டில் வெளியான தம் நூலில் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் செடிகளைப் பூவின் மகரந்தத்தாள்களை எண்ணியே வகுத்தார். துளசியை நான்கு தாள் கூட்டத்தில் வைத்தார். ரோஸ்மேரியை இரண்டு தாள் கூட்டத்தில், சால்வியாவோடு சேர்த்து வைத்தார். ஆம், நம் பூங்காக்களில் பாத்தி பாத்தியாகச் சிவந்து நிற்குமே, அதே சால்வியா பேரினம்தான். ஆனால் ரோஸ்மேரிக்கு 'ரோஸ்மேரினஸ்' என்று தனிப்பேரினம் கொடுத்தார். இரு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பெயரே நின்றது.

பிறகு மரபணு ஆய்வு வந்தது. சால்வியாவின் வம்சக்கிளைகளுக்கு நடுவிலேயே ரோஸ்மேரி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தாவரவியலாளர்களுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ரோஸ்மேரியைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டுமானால் சால்வியாவைத் துண்டு துண்டாக உடைத்து, ஏறத்தாழ 700 இனங்களுக்குப் பெயர் மாற்ற வேண்டும். இல்லையேல் ரோஸ்மேரியையும் அதுபோன்ற நான்கு சிறு பேரினங்களையும் சால்வியாவுக்குள் சேர்க்க வேண்டும். அப்போது மாறுவது வெறும் 15 பெயர்கள். 2017இல் வெளியான ஆய்வுக் கட்டுரை இரண்டாம் வழியைத் தேர்ந்தது. 2019இல் இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. இப்போது நம் செடியின் முறையான பெயர் சால்வியா ரோஸ்மேரினஸ். மரபணுவைக் கேள்விப்பட்டிராத காலத்தில், வெறும் கண்ணால் எண்ணிய ஒருவர் அந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இதனால் தோட்டக்காரருக்கு என்ன? உறவுமுறை வேறு, பழக்கம் வேறு என்பதுதான். துளசி அகன்ற மெல்லிய இலைக்காரி. வெயில் ஏறினால் வாடும், தண்ணீர் விட்டால் நிமிரும். ரோஸ்மேரி இலை ஊசிபோல் ஒடுங்கி, ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டது. அடிப்பக்கத்தில் வெண்மயிர்ப் போர்வை. இலைத்துளைகள் அந்தப் போர்வைக்குள் பதுங்கியிருப்பதால் காற்று நீரை எளிதில் உறிஞ்ச முடியாது. மத்தியதரைக் கடற்கரையின் நீண்ட வறள்கோடைக்கு வாய்த்த உடல் அது. துளசிக்கு ஊற்றும் கை அதே வேகத்தில் பக்கத்துத் தொட்டிக்கும் போகிறது. அங்கேதான் தவறு.

அந்தக் கடற்கரையில் மழை குளிர்காலத்தில் வரும், வெப்பம் இருக்கும்போது மண் காய்ந்திருக்கும். சேர்வராயன் மலையில் அப்படியே தலைகீழ். ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. கோடை மழையில் காப்பி பூத்த பிறகு, தென்மேற்கும் வடகிழக்குமாக நவம்பர் வரை ஈரம். வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் வேரழுகல் வரும். வேர் அழுகினால் நுனி துவளும், இலை பழுப்பாகும். பார்ப்பதற்குத் தாகம் போலவே இருக்கும். பதறிப்போய் இன்னொரு குடம் ஊற்றுவோம். என் முதல் நான்கு செடிகளை அப்படித்தான் ஓர் ஐப்பசியில் இழந்தேன்.

அப்போது என் தோட்டத்துக்கு வந்த முதியவர் ஒருவர், காப்பித் தோட்டத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர், செடியைத் தொடாமலே சொன்னார்: "மொளகுக்கொடி வாடுனா நாங்க தண்ணி ஊத்த மாட்டோங்க. வேரைத் தோண்டிப் பாப்போம்." சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றியவர்களுக்கு அந்த வாடல் நோய் நன்றாகத் தெரியும். அதற்குக் காரணம் பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிர். 1876இல் தாவரவியலாளர் அன்டன் டி பாரி வைத்த அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'செடியை அழிப்பது' என்று பொருள். ஈரம் தேங்கிய மண்ணில் ரோஸ்மேரியின் வேரையும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை தாக்குகின்றன. அவர் பேச்சில் அறிவியலின் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் நோயின் வேரையே காட்டிக்கொடுத்தார்.

ஆகவே ஏற்காட்டில் நடவு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான். பூக்காத கிளையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் குச்சி வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு மணலில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை மட்டும் லேசான ஈரம் போதும். வேர் பிடித்ததும் சில்வர் ஓக் நிழலை விட்டு, வெயிலும் காற்றும் படும் சரிவின் விளிம்புக்கு மாற்றுங்கள். அதன் பிறகு விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டுமே தண்ணீர்.

கவாத்துக்கு இடம் போதவில்லை. ஒரே ஒரு விதியை இன்றே சொல்லிவிடுகிறேன்: இலையில்லாத முதிர்ந்த கட்டையில் வெட்டாதீர்கள், அங்கிருந்து தளிர் வராது. மற்றவை அடுத்த வாரம். நீலகிரியில் ரோஸ்மேரி பயிராகும் கதையையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுத் தோட்டக்காரர் கொண்டுவந்த ஜெரேனியம் இந்தியாவில் முதன்முதலில் வேர்விட்டது இந்த ஏற்காட்டு மண்ணில்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதுவரை ஒரு வேலை. உங்கள் ரோஸ்மேரித் தொட்டிக்கு அடியில் தட்டு இருக்கிறதா? அதில் நிற்கும் தண்ணீரை இன்றே கொட்டுங்கள். தட்டைத் திரும்ப வைக்காதீர்கள்.