நாய்க் காப்பகம்: நல்லதை அறிவது எங்ஙனம்?

கடையில் பெரும்பணம் கொடுத்துச் சாதி நாய் வாங்குவதைவிட, தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாயொன்றைக் காப்பகத்திலிருந்து அழைத்து வந்து வளர்ப்பது மேல் என்னும் எண்ணம் இன்று பலரிடம் காணப்படுகிறது. போற்றத்தக்க எண்ணமே. ஆயினும், நாயைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்போரிற் பலர், அதனைத் தருகின்ற காப்பகத்தை ஆராய்வதில்லை. பெயர்ப்பலகை மாட்டிய இடமெல்லாம் காப்பகம் ஆகிவிடாது. இரக்கத்தால் தொடங்கி, இடமும் பொருளும் போதாமல் நாய்களை நெருக்கி அடைத்து வைப்போரும் உளர். மீட்பு என்ற பெயரில் குட்டிகளை விற்போரும் உளர்.

முதற்கண், நேரிற் சென்று பார்த்தல் வேண்டும். மலேசியாவின் 2015ஆம் ஆண்டுப் பிராணிகள் நலச் சட்டம், தக்க இடம், தக்க உணவு, இயல்பான நடமாட்டம், நோயினின்று காப்பு ஆகியவற்றை வளர்ப்போர் கடமையாக வைத்துள்ளது. இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம். தண்ணீர் தூய்மையாக உள்ளதா? நாய் எழுந்து நடக்க இடம் உண்டா? நோயுற்றவை பிரித்து வைக்கப்பட்டுள்ளனவா? உள்ளே விடாமல் வாயிலிலேயே நாயைக் கொணர்ந்து தரும் இடத்தை ஐயுற வேண்டும். தொண்டர் வீடுகளில் நாய்களை வைத்திருக்கும் குழுவாயின், அவ்வீட்டைப் பார்க்கக் கேட்கலாம்.

இரண்டாவது, மருத்துவச் சான்று. குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோய், கிருமி புகுந்த அன்றே வெளிப்படுவதில்லை; இரண்டு வாரம்வரை ஆகலாம். ஆதலால், புதிதாக வந்த நாயைச் சில நாள் தனித்து வைத்துப் பார்த்த பின்னரே நல்ல காப்பகம் வெளியே கொடுக்கும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம்வரை தடுப்பூசி பலமுறை போடப்பட வேண்டும். எவை போடப்பட்டன, எவை எஞ்சியுள்ளன என்பதைக் கால்நடை மருத்துவர் கையொப்பமிட்ட அட்டை காட்டும். வெறிநாய் நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் தோன்றியதை மறத்தலாகாது.

மூன்றாவது, கருத்தடை. வளர்ந்த நாய்க்கு அதனைச் செய்யாமல் கொடுப்பவர், தெருநாய்களின் தொகையைத் தாமே பெருக்குகின்றார். காப்பகம் கேட்கும் கட்டணத்தைக் கண்டு சிலர் முகஞ்சுளிப்பர். தடுப்பூசிக்கும் அறுவைக்கும் ஆகும் செலவே அதில் பெரும்பகுதி. கணக்கைக் கேட்டால் நல்ல காப்பகம் தயங்காது சொல்லும்.

இவை யாவற்றினும் முதன்மையான அடையாளம் ஒன்றுண்டு. பெண் கொடுப்போர் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போல, நல்ல காப்பகம் நம்மை விசாரிக்கும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? பகலில் நாயைப் பார்ப்பவர் யார்? வாடகை வீடாயின் உரிமையாளர் இசைந்தாரா? சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில், அனுமதிக்கப்பட்ட வகை நாய் ஒன்றே வளர்க்கலாம். 2012இல் தொடங்கிய 'அடோர்' திட்டம், உள்நாட்டுக் கலப்பின நாய்களுக்கும் கருத்தடை, பயிற்சி முதலிய நிபந்தனைகளோடு அங்கே இடமளித்தது. இவற்றையெல்லாம் கேளாமல் கொடுப்பவர், நாயைத் தள்ளிவிட நினைப்பவரே. நாயின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வளர்க்க இயலாது போனால் தாமே திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதித் தரவும் வேண்டும்.

இக்கடைசி நிபந்தனையின் அருமையை யான் கண்ணாரக் கண்டேன். எங்கள் தோட்டத்துப் பள்ளி வேலியோரத்தில் ஒருநாள் காலை கழுத்துப்பட்டையுடன் ஒரு நாய் நின்றது. யாரோ இரவில் இறக்கிவிட்டுச் சென்றிருந்தனர். அவ்வழியே வந்த ஒவ்வொரு காரையும் நோக்கி அது வாலாட்டிக்கொண்டு ஓடியது. திருப்பிக் கொடுக்க ஓரிடம் இருந்திருந்தால், அது அங்கே நின்றிராது.

நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுவரை வாழும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்காக இன்று கொணரும் குட்டி, அப்பிள்ளை இடைநிலைப் பள்ளியை முடிக்கும் நாளிலும் பெரும்பாலும் வீட்டில் இருக்கும். காப்பகம் நம்மைக் கேள்வி கேட்பது இதனை நினைந்தே. அதற்குச் சினவாமல் விடை கூறுவோமாக.